இரண்டு மசோதாக்களும் அப்பாவின் பெயரும்

கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றம் கடந்த சில ஆண்டுகளில் நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கையைத் தொடும் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று தீபாவளியைப் பற்றியது. இன்னொன்று சாதியைப் பற்றியது. இரண்டுக்கும் இரு அவைகளிலும் பெரும்பான்மை கிடைத்தது. இரண்டும் ஆளுநர் கேவின் நியூசமின் மேசைக்குப் போயின. தீபாவளி மசோதாவில் அவர் கையெழுத்துப் போட்டார். சாதி மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தீபாவளி மசோதா உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் குறைந்தது பத்துப் பேராவது அதை அனுப்பியிருப்பார்கள், விளக்கு படத்தோடும் கொடிப் படத்தோடும். சாதி மசோதா எங்கள் குடும்பக் குழுவில் ஒரு தடவைகூட வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அதிகம் தேவைப்பட்டது அதுதான். அதனால் இந்தப் பதிவு அதைப் பற்றி.

டொரொண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. இது அமெரிக்கச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைத்து மூடிவிடாதீர்கள். சட்டமன்றம்தான் வேறு. நம் வீட்டு விருந்துகளில் கேட்கிற கேள்விகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு மசோதா எப்படிப் பயணம் செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மசோதா என்பது இன்னும் சட்டமாகாத சட்டம். இலங்கைத் தமிழில் சட்டமூலம் என்பார்கள். கலிஃபோர்னியாவில் செனட்டில் 40 பேர், அசெம்பிளியில் 80 பேர். யாராவது ஓர் உறுப்பினர் மசோதாவைக் கொண்டு வருவார். அது முதலில் குழுவுக்குப் போகும். அங்கே பொதுமக்கள் வந்து பேசலாம். குழு தாண்டினால் அவையில் வாக்கெடுப்பு. ஓர் அவை தாண்டினால் அடுத்த அவை. அங்கே திருத்தினால் மறுபடியும் முதல் அவைக்கு வந்து ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் ஆளுநர். அவர் கையெழுத்துப் போடலாம், கெடு முடியும்வரை சும்மா இருக்கலாம் (அப்போதும் அது சட்டமாகிவிடும்), அல்லது வீட்டோ செய்யலாம். வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்படி முறியடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

சாதி மசோதாவின் எண் எஸ்.பி. 403. கொண்டு வந்தவர் ஆயிஷா வஹாப், ஃப்ரீமாண்ட், ஹேவார்டு பகுதியின் செனட்டர், ஆப்கானியக் குடும்பத்தில் வந்தவர். 2023 மே 11 அன்று செனட்டில் 34 பேர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். ஆகஸ்ட் 28 அன்று அசெம்பிளியிலும் நிறைவேறியது. திருத்தங்களோடு திரும்பி வந்தபோது செப்டம்பர் 5 அன்று செனட்டில் 31 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 7 அன்று ஆளுநர் வீட்டோ செய்தார்.

அந்த மசோதா என்ன கேட்டது? ரொம்பச் சின்ன விஷயம். வேலை, வீட்டு வாடகை, பள்ளி, கடை ஆகிய இடங்களில் யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றன. இனம், நிறம், மதம், பாலினம், வம்சாவளி என்று அவற்றில் ஒரு பட்டியல் உண்டு. முதலில் சாதியை அந்தப் பட்டியலில் தனியாகச் சேர்ப்பதாக இருந்தது. எதிர்ப்பு வந்தபிறகு, வம்சாவளி என்ற சொல்லின் விளக்கத்துக்குள் பரம்பரை, பெற்றோர் வழி ஆகியவற்றோடு சாதியையும் சேர்த்தார்கள். அதாவது சட்டப் புத்தகத்தில் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். அதற்கு நம் பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கடைசிப் பெயர் குடும்பப் பெயர் இல்லை. அது அப்பாவின் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கடைசிப் பெயர். பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப் போனது. என்னோடு படித்த வேறு மாநிலத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒழுங்கான குடும்பப் பெயர் இருந்தது. நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டபோதுதான் தெரிந்தது, அது விட்டுப்போன ஒன்று இல்லை, வேண்டுமென்றே விட்டது என்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரும் அவரோடு இருந்தவர்களும் அதைச் செய்தும் காட்டினார்கள். நாளாக நாளாகத் தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்துச் சொல்வது கூச்சமான விஷயமாகிவிட்டது. ஈழத்துக் குடும்பங்களிலும் அப்பாவின் பெயர்தான் கூட வருகிறது. ஒரு தமிழரின் பெயரை மட்டும் பார்த்து அவர் என்ன சாதி என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் பெயரில் இல்லாததைத் தெரிந்துகொள்ள வேறு வழி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அந்தக் கேள்விகள் பழக்கமாக இருக்கும்.

"சொந்த ஊர் எதுங்க?"

"ஓ, அங்கயா! ஊர்ல எந்தத் தெரு?"

"குலதெய்வம் எது?"

"நீங்க சைவமா?"

என் யாழ்ப்பாணத்துத் தோழி சொன்னாள், அவர்கள் பக்கம் "ஊரில எவடம்?" என்று கேட்டாலே போதுமாம், மற்றதெல்லாம் அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்களாம். கேட்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்கிறார்கள். தூர தேசத்தில் தன் ஊர்க்காரர் கிடைக்க மாட்டாரா என்ற ஆசை. மற்றப் பாதிப் பேர் எதைத் தேடுகிறார்கள் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அப்போது அப்பா பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவார். சின்ன வயதில் அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர் என்று நினைத்திருந்தேன்.

அப்பா கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்த நமக்குக் காலனி என்றதும் வரலாற்றுப் பாடத்தில் வந்த பதின்மூன்று காலனிகள்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குப் பொருள் வேறு. ஊர் என்று ஒரு பகுதி இருக்கும். அதிலிருந்து தள்ளி, ஒரு வயலோ ஏரியோ தாண்டி, தலித் மக்கள் வாழும் பகுதி இருக்கும். அதுதான் காலனி. பழைய பெயர் சேரி. எங்கள் ஆயா "ஊருக்குப் போய்ட்டு வரேன்" என்றால் ஐந்து நிமிட நடைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவருக்கு வேறு நாட்டுக்குப் போவது போல. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த காலம் அவருடையது.

அப்பா அந்த ஊரின் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தார். தலித் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் பள்ளி அது. அங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பொறியியல் படித்து, தொண்ணூறுகளின் கடைசியில் எச்-1பி விசாவில் இங்கே வந்தார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஊருக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டது இந்த மசோதாவால்தான்.

2023 வசந்தத்தில் நான் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த அமைப்பில் அப்போது 23 வளாகங்கள். 2022 தொடக்கத்திலேயே அவர்கள் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்திருந்தார்கள். அப்படியானால் என் வளாகத்தில் அந்தச் சொல் இருக்கிறது, அப்பாவின் அலுவலகத்தில் இல்லை. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, அப்பா மீன் கழுவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, இந்த மசோதாவுக்கு ஆதரவா யார் வேணும்னாலும் குழுவுக்குக் கடிதம் எழுதலாமாம். நீங்க எழுதுறீங்களா? வேலை இடத்துல உங்களுக்கு ஏதாவது அப்படி நடந்திருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இங்கே வந்து இரண்டாவது வேலை. ஆறேழு தமிழ்ப் பையன்கள். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்களாம். டீம் லீடும் தமிழர். ஒருநாள் அவர் சாதாரணமாகக் கேட்டாராம், "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" அப்பாவுக்கு அந்தப் பள்ளிமேல் அவ்வளவு மரியாதை. கணக்கு வாத்தியார் பெயரையும் சேர்த்தே சொன்னாராம்.

"பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னா போதும்மா. பேர்லயே இருக்கு இல்ல."

அடுத்த வாரம் டீம் லீட் தன் டப்பாவை நடுவில் வைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வேறு மேசைக்குப் போய்விட்டார். இரண்டு பேர் அவரோடு போனார்கள். மீட்டிங் அழைப்புகள் குறைந்தன. ஆண்டு முடிவில் வந்த மதிப்பீட்டில், "குழுவோடு ஒட்டவில்லை" என்ற மாதிரி ஒரு வரி. அப்பா எட்டு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

"அவர் ஒரு வார்த்தை தப்பா சொல்லலம்மா. அதான் கஷ்டம். திட்டியிருந்தா போய்ச் சொல்லியிருக்கலாம். ஹெச்.ஆர்.ல உக்காந்திருக்கறது ஒரு வெள்ளைக்காரம்மா. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? அவரும் நானும் ஒரே நாடு, ஒரே பாஷை, ஒரே கலரு. டப்பாவ நகத்திட்டாருன்னா?"

"இப்ப எழுதலாமேப்பா."

"எழுத மாட்டேன்" என்றார். கோபமில்லை. "புகார் குடுக்கணும்னா நான் யாருன்னு முதல்ல சொல்லணும். சொன்ன பிறகு கேஸ் ஜெயிக்குதோ தோக்குதோ, அந்த ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இருபத்தஞ்சு வருசமா கிரிக்கெட் பேசிக் காப்பாத்தி வச்சிருக்கேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட எந்தச் சட்டத்திலும் இருக்கிற சிக்கலை அவர் சொல்லிவிட்டார். ஒளிந்துகொண்டால்தான் பாதுகாப்பு என்று வாழ்கிறவரிடம், வெளியே வந்தால் பாதுகாப்புத் தருகிறேன் என்கிறது சட்டம்.

அப்பா எழுதவில்லை. நான் போனேன். ஏப்ரல் 25 அன்று சாக்ரமெண்டோவில் செனட்டின் நீதிக் குழு கூடியது. அங்கே விரிவாகப் பேசச் சிலருக்குத்தான் நேரம். மற்றவர்கள் வரிசையில் நின்று மைக்கில் தங்கள் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். முந்தைய இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, என் கடைசிப் பேரு உங்க பேருதான். மைக்ல சொல்லும்போது உங்க பேரும் சேர்ந்துதான் வரும். உங்களுக்கு வேணாம்னா நான் போகல."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "சொல்லு. நிறுத்தி நிதானமா சொல்லு. இவங்க யாரும் என் பேரை ஒழுங்கா சொன்னதே இல்ல."

அன்று வரிசை கூடத்தைத் தாண்டி வெளியே நீண்டது. ஆதரிக்கிறவர்கள், எதிர்க்கிறவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில். எனக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டி எதிர்ப்புச் சொல்ல வந்தவர். எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நாம் எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் முறை வந்தது. என் பெயர், அப்பாவின் பெயர், எங்கள் ஊராக ஃப்ரீமாண்ட், ஆதரவு. ஐந்து நொடிகூட இருக்காது. ஊர் எது என்ற கேள்விக்கு ஃப்ரீமாண்ட் என்று சொன்னதும் அதோடு விட்டது அந்த ஓர் இடம்தான்.

எதிர்த்தவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தன. சாதி என்றாலே அமெரிக்கர்களுக்கு இந்தியாவும் இந்து மதமும்தான் நினைவுக்கு வரும், அதனால் தெற்காசியர் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பது அவர்கள் வாதம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பில் பண்டைய இந்தியா பாடம் வரும். ஆசிரியர் பலகையில் முக்கோணம் வரைந்து நான்கு கோடு போட்டதும் வகுப்பு முழுக்கத் திரும்பி என்னையும் இன்னொரு பையனையும் பார்த்தது. ஒருத்தி கேட்டாள், "நீ இதில் எங்கே?" பதினொரு வயதில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அந்த முக்கோணத்திலேயே இல்லை, அதற்கு வெளியே என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் திருத்திய மசோதா எந்த மதத்தின் பெயரையும் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. சாதி ஒரு மதத்தோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டில் தேவாலயக் கல்லறையில்கூடச் சாதிக்கொரு பகுதி பிரித்த ஊர்கள் உண்டு. இங்கே வந்தால் அது தானாகக் கரைந்துவிடும் என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும். 2020இல் கலிஃபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ நிறுவனத்தின்மீது ஒரு தலித் பொறியாளருக்காக வழக்குப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. இரண்டு மேலாளர்கள்மீது இருந்த பகுதியை 2023 ஏப்ரலில் அரசே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின்மீது இருந்த வழக்கு நின்றது. அந்த வழக்கில் யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சாதியைப் பட்டியலில் பெயர் சொல்லாத ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு சுற்றுவழி என்பதைத்தான் அது காட்டியது.

மசோதா ஆளுநரிடம் போனபிறகு சாக்ரமெண்டோவில் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தேன்மொழி சௌந்தரராஜன், கலிஃபோர்னியாவில் பிறந்த தமிழர், தலித் உரிமைக்காக இயங்கும் ஈக்வாலிட்டி லேப்ஸின் தலைவர். நம்மைப் போலவே இரண்டாம் தலைமுறை. செய்தியில் அவர் பெயரைப் பார்த்தபோது, "தேன்மொழி"யைத் தமிழ் தெரியாத செய்தி வாசிப்பாளர் தடுமாறிப் படித்தது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 7, சனிக்கிழமை. வீட்டோ. ஆளுநரின் குறிப்பு சுருக்கமாக இருந்தது. சாதி அடிப்படையிலான பாகுபாடு இப்போதுள்ள சட்டப் பிரிவுகளின்கீழ் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டதுதான், ஆகவே இந்த மசோதா தேவையில்லை என்பது சாரம். அதைப் படித்துவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பாவிடம் அனுப்பினேன். அவர் பொறியாளர். இரண்டு தடவை படித்திருப்பார். பிறகு கூப்பிட்டார்.

"ஏற்கெனவே தடைன்னு ஆளுநரே எழுத்துல குடுத்திருக்காரு இல்ல? அந்தக் காகிதத்தைப் பத்திரமா வச்சுக்கோ. யாராவது இல்லன்னு சொன்னா காட்டு."

அவர் சொன்னது சரி. அதையும் மீறி, அந்தச் சொல் வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் வளாகத்தில் புது மாணவர்களுக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். பாகுபாடு பற்றிய பயிற்சியில் ஒரு ஸ்லைடில் பட்டியல் வரும். அதில் சாதி என்ற சொல்லும் இருந்தது. ஒரு மெக்சிகோக் குடும்பத்துப் பெண் கை தூக்கி, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். பயிற்சி கொடுத்தவர் இரண்டு நிமிடம் விளக்கினார். அந்த அறையில் பத்துப் பதினைந்து தெற்காசிய மாணவர்கள் இருந்தார்கள். யாரும் எழுந்து நான் யார் என்று சொல்லவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்த எல்லோருக்கும், கேட்க நினைத்தவருக்கும் கேட்கப்படப் பயந்தவருக்கும், இது விதிக்கு விரோதமான செயல் என்று தெரிந்துவிட்டது.

அப்பாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பாதிப் பதில் இது. புகார் கொடுக்கத்தான் வாய் திறக்க வேண்டும். சொல் எழுதப்பட்டிருந்தால், வாய் திறக்காதவருக்கும் அது வேலை செய்கிறது. அந்த டீம் லீடும் வருடா வருடம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வீடியோ பார்த்திருப்பார். அதன் பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்திருந்தால், டப்பாவை நகர்த்தும்போது அவர் கை ஒரு நொடி தயங்கியிருக்கலாம். ஹெச்.ஆர். அம்மாவுக்கு அப்பா பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது தீபாவளி மசோதா. ஏ.பி. 268. ஆஷ் கால்ராவும் தர்ஷனா படேலும் கொண்டு வந்தது. 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி முதல் அது சட்டம். பள்ளிகள் அன்று விடுமுறை விடலாம், அரசு ஊழியர்கள் வேறொரு விடுமுறைக்குப் பதிலாக அன்று விடுப்பு எடுக்கலாம். பென்சில்வேனியாவுக்கும் கனெக்டிகட்டுக்கும் அடுத்து இதைச் செய்த மூன்றாவது மாநிலம் கலிஃபோர்னியா. எனக்குச் சந்தோஷம்தான். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கெமிஸ்ட்ரி தேர்வு எழுதப் போனவள் நான். காலனியிலும் தீபாவளி உண்டு. ஆயா சுட்ட அதிரசத்தின் மணம் அப்பாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்று வெளியாருக்கு நம்மைக் காட்டியது, விளக்கும் இனிப்புமாக. இன்னொன்று நாம் நமக்குள் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறோம் என்று கேட்டது. முதலாவதற்கு எல்லோரும் சேர்ந்து நிற்பது எளிது. இரண்டாவதில் நாமே இரண்டு வரிசையாக நின்றோம்.

2025இல் இன்னொரு சட்டமன்றத்திலிருந்தும் செய்தி வந்தது. ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், காலனி என்ற சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்கப்போவதாக அறிவித்தார். அது மசோதா இல்லை, அறிவிப்பு. பெயரை மாற்றினால் சுடுகாட்டுப் பாதை மாறிவிடுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் செய்தியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது அப்பா. சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்று நாற்பது பேர் இருக்கும் குழு. காலனி என்ற சொல்லை அதில் அதுவரை யாரும் எழுதியதில்லை. அத்தை ஒரு கும்பிடு போட்டார். சென்னையில் இருக்கும் என் மாமா மகன், "அப்ப இனிமே அட்ரஸ்ல என்ன போடறது?" என்று கேட்டான். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை பேச்சு ஓடியது. ஆயா செருப்பைக் கையில் பிடித்து நடந்த கதை, நலப் பள்ளியின் கணக்கு வாத்தியார் கதை, யார் யார் எந்தெந்த ஊரில் வீடு கேட்டு என்ன பதில் வாங்கினார்கள் என்ற கதை. அதில் பாதி எனக்குப் புதிது. டப்பா கதையை அப்பாவே எழுதினார், ஆங்கிலமும் தமிழும் கலந்து, நிறையத் தட்டச்சுப் பிழைகளோடு.

அங்கே ஒரு சொல்லை எடுக்கிறார்கள், இங்கே ஒரு சொல்லைச் சேர்க்கக் கேட்டோம். இரண்டாலும் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது.

கடைசியாக, உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால் ஆளுநரின் அந்த வீட்டோ குறிப்பைத் தேடிப் படியுங்கள், அது பொதுவெளியில் இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு நடந்தால் மாநிலக் குடிமை உரிமைகள் துறையிடம் புகார் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் கல்லூரியின் விதிப் பட்டியலைத் திறந்து, சாதி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் 2019இலேயே சேர்த்துவிட்டார்கள். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டமாகவே போட்டது. உங்கள் இடத்தில் இல்லையென்றால் கேளுங்கள். அதைக் கேட்க நீங்கள் தலித்தாக இருக்கத் தேவையில்லை. இல்லாதவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. அப்போதுதான் என் அப்பாவைப் போன்றவர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டே இருக்கலாம்.

அடுத்த தடவை யாராவது உங்கள் நண்பரிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால், நீங்கள் குறுக்கே புகுந்து உங்கள் தெருப் பெயரைச் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் ஜிப் கோடையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டவர் ஒரு நிமிடம் முழிப்பார். அந்த ஒரு நிமிடத்தில் சாம்பார் வந்துவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.